இயற்பியலும் வேதியியலும் படிக்க எவ்வளவு கணிதம் வேண்டும்? பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், பி.யு.சி.யில் (கர்நாடகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில்) எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்ற பேச்சு வீடுகளில் தொடங்கிவிடுகிறது. அல்சூர், ஸ்ரீராம்புரம், கம்மனஹள்ளி, கே.ஆர்.புரம் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அந்த நாள்களில் இயற்பியல் ஆசிரியனாகிய என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே ஐயத்தைச் சுற்றியே வருகின்றன: "கணக்கு வராத" பிள்ளையால் இயற்பியலோ வேதியியலோ படித்து முன்னேற முடியுமா என்பதே அது. அக்கேள்விகளையும், ஆய்வுகளும் வகுப்பறை அனுபவமும் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணிதத் திறனுக்கும் இயற்பியல் தேர்ச்சிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? அல்லது அது ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நம்பிக்கைதானா?

தொடர்பு உண்டு, ஆனால் அது இரு திசையிலும் ஒரே வலிமையோடு இயங்குவதில்லை. 1977இல் ஹட்சன், மெக்கின்டயர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கல்லூரி இயற்பியல் வகுப்பு தொடங்கும் முன்பே மாணவர்களுக்கு இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் ஒரு தேர்வு வைத்து, அதன் மதிப்பெண்ணைப் பின்னர் இயற்பியலில் அவர்கள் பெற்ற மதிப்பெண்ணோடு ஒப்பிட்டனர். முன்தேர்வில் மிகக் குறைவாகப் பெற்றவர்கள் இயற்பியலில் இடறுவார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. ஆனால் நிறைய மதிப்பெண் பெற்றவர்கள் இயற்பியலிலும் சிறப்பார்கள் என்று அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை.

ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு மாணவர் பதிவேடுகளை ஆராய்ந்து ஸ்டீபன் ஷூவும் ஜேம்ஸ் ஷோம்பர்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதையே இன்னும் கூர்மையாகக் காட்டியது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வின் கணிதப் பகுதியில், 800க்கு ஏறத்தாழ 600க்குக் கீழே பெற்றவர்கள் இயற்பியல் பட்டப்படிப்பிலோ கணிதப் பட்டப்படிப்பிலோ மேற்படிப்புக்குத் தகுதியான அளவு உயர்ந்த தரம் பெறுவது மிக அரிதாக இருந்தது. உயிரியல், வரலாறு, சமூகவியல், ஆங்கிலம் ஆகிய துறைகளில் இப்படிப்பட்ட எல்லைக்கோடு எதுவும் தென்படவில்லை. அங்கெல்லாம் குறைந்த மதிப்பெண்ணோடு நுழைந்தவர்களில் சிலர் உழைப்பால் முன்னுக்கு வந்திருந்தனர்.

என் துணிபு இதுதான்: இயற்பியலைப் பொறுத்தவரை கணிதம் வாசற்படியே அன்றி மாடிப்படி அன்று. அதைத் தாண்டாமல் உள்ளே நுழைய முடியாது. தாண்டிய பிறகு எவ்வளவு உயரம் ஏறுவார் என்பதை வேறு திறன்கள் முடிவு செய்கின்றன. வாசற்படியின் உயரம் பலரும் அஞ்சும் அளவுக்கு இல்லை என்பதையும், அது பிறவியிலேயே தாண்டப்பட்டிருக்க வேண்டிய ஒன்று அன்று என்பதையும் இனி வரும் விடைகளில் காணலாம்.

கணிதத்தில் நூற்றுக்கு நூறு எடுத்த என் மகன் இயற்பியலில் ஏன் தடுமாறுகிறான்?

கணித வகுப்பிலும் இயற்பியல் வகுப்பிலும் ஒரே குறியீடுகள் எழுதப்பட்டாலும் அவற்றைப் படிக்கும் முறை வேறு. இத்துறை ஆசிரியர்களிடையே வழங்கும் ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். ஓர் உலோகத் தகட்டின் எந்தப் புள்ளியிலும் வெப்பநிலை என்பது, தகட்டின் மையத்திலிருந்து அப்புள்ளியின் கிடைத் தொலைவின் வர்க்கத்தையும் செங்குத்துத் தொலைவின் வர்க்கத்தையும் கூட்டி ஒரு மாறிலியால் பெருக்கக் கிடைப்பது என்று கொள்ளுங்கள். இப்போது அதே வெப்பநிலையை ஆரத்தையும் கோணத்தையும் கொண்டு எழுதச் சொன்னால், சார்பின் இலக்கணத்தை மட்டும் பின்பற்றும் கணித மாணவர், முதல் மாறியின் வர்க்கத்தோடு இரண்டாம் மாறியின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும் என்பதுதானே விதி என்று எண்ணி, ஆரத்தின் வர்க்கத்தோடு கோணத்தின் வர்க்கத்தைக் கூட்டிவிடுவார். கணித இலக்கணப்படி அதில் பிழை சொல்ல முடியாது. இயற்பியல் மாணவரோ பித்தாகரஸ் தேற்றப்படி அந்த இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஆரத்தின் வர்க்கமே என்பதைக் கண்டு, மாறிலியை அதனால் பெருக்கி நிறுத்திக்கொள்வார். அவருக்குக் குறியீடு என்பது உண்மையான ஒரு வெப்பநிலை. எந்த மாறிகளைக் கொண்டு எழுதினாலும் அத்தகட்டின் சூடு மாறிவிடாது. மேலும், சதுர மீட்டரோடு கோணத்தின் வர்க்கத்தைக் கூட்டுவதற்கு இயற்பியலில் பொருளே இல்லை.

அலகு இல்லாத எண்களோடு பத்தாண்டு பழகிய பிள்ளைக்கு, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் அளவு நிற்கிறது என்ற உணர்வு தானாக வருவதில்லை. நூற்றுக்கு நூறு எடுத்த பல பிள்ளைகள், ஒரு மனிதனின் எடை 4 கிராம் என்று விடை வந்தாலும் கவலையின்றி அடிக்கோடிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவதை விடைத்தாள்களில் பார்க்கலாம்.

கோச்சிங் மையத்தில் ஆயிரக்கணக்கில் கணக்குப் போடுகிறார்களே, அது இக்குறையைப் போக்காதா?

போக்கும் என்றுதான் நீண்ட காலம் நம்பப்பட்டது. தென் கொரியாவில் நுழைவுத் தேர்வுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியல் கணக்குகளைப் போட்டு முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த மாணவர்களை கிம், பாக் என்னும் ஆய்வாளர்கள் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டனர். அத்தனை கணக்குகளுக்குப் பிறகும் விசை, இயக்கம் பற்றிய அடிப்படைக் குழப்பங்கள் அப்படியே இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் கருத்துத் தெளிவுக்கும் பெரிய தொடர்பு காணப்படவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரும் இதையே கண்டார். கடினமான கணக்குகளைச் செய்து முடிக்கும் மாணவர்கள், கனமான லாரி ஒன்று சிறு காரோடு மோதும்போது எதன் மீது அதிக விசை செயல்படுகிறது என்று கேட்டதும் லாரி தரும் விசையே அதிகம் என்றனர். இரண்டின் மீதும் சம விசையே செயல்படும் என்று சொல்லும் நியூட்டனின் மூன்றாம் விதி அவர்களுக்கு மனப்பாடமாகவே தெரியும்.

இதைப் படித்துவிட்டு, கருத்துத் தெளிவு போதும், கணிதம் வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. டேவிட் மெல்ட்சர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவத்தில் மாணவர் எவ்வளவு கருத்துத் தெளிவு பெற்றார் என்பது, அவர் தொடக்கத்தில் எவ்வளவு இயற்பியல் தெரிந்துவந்தார் என்பதோடு தொடர்பு கொள்ளாமல், அவருடைய கணித ஆயத்தத்தோடு தொடர்பு கொண்டிருந்தது. மெல்ட்சர் பயன்படுத்திய வினாக்களிலோ கணக்கே இல்லை. கணிதம் தெரிந்தவருக்குப் பாடம் நடக்கும்போது குறியீட்டோடு மல்லாடும் சுமை குறைவதால் மனம் கருத்தின் பக்கம் திரும்ப இடம் கிடைக்கிறது என்பது என் ஊகம். கணக்குப் போடுவதை விடச் சொல்லவில்லை. போட்ட ஒவ்வொரு கணக்கிலும் விடை ஏன் அப்படி வந்தது என்று ஒரு வாக்கியமாவது தமிழிலோ, வேறு எந்த மொழியிலோ சொல்லச் சொல்லுங்கள். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் நட்டமில்லை.

இயற்பியலுக்குத் தேவையான கணிதம் எது?

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகம் முழுவதும் அன்று. விகிதம், இயற்கணிதச் சமன்பாட்டை வேண்டிய உருவுக்கு மாற்றுதல், வரைபடத்தின் சாய்வையும் அதன் கீழுள்ள பரப்பையும் படித்தல், பத்தின் அடுக்குகள், மடக்கை, முக்கோணவியலின் அடிப்படை ஆகியவை கைவந்திருந்தால் தொடங்கலாம். வெக்டரும் (அளவோடு திசையும் உடைய கணியம்) நுண்கணிதமும் வழியில் சேர்ந்துகொள்ளும். இவை அனைத்திலும் முதன்மையானது எது என்று கேட்டால் தயங்காமல் விகிதம் என்பேன். ஊசலின் நீளத்தை நான்கு மடங்காக்கினால் அலைவு நேரம் இரு மடங்காகும் என்பதைச் சூத்திரத்தில் எண்களை இடாமலே காண்பவருக்கு இயற்பியலின் பாதிக் கதவு திறந்துவிட்டது.

பட்டியலைவிட ஓர் எடுத்துக்காட்டு தெளிவாகச் சொல்லும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் அன்றி ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. சென்னையிலிருந்து வந்து தங்கும் உறவினர், குக்கர் இல்லாமல் வைத்த பருப்பு வேகத் தாமதமாகிறது என்று சொன்னால் அது வெறும் குறை சொல்லல் அன்று. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும்; ஆகவே ஏன் இப்படி என்று கேட்கும் மாணவருக்கு முதலில் வேண்டியது காற்றழுத்தம் உயரத்தோடு எப்படிக் குறைகிறது என்னும் விவரம். மேலே உள்ள காற்றின் எடையைத்தான் கீழே உள்ள காற்று தாங்குகிறது; மேலே போகப் போகக் காற்று அடர்த்தியும் குறைகிறது; ஆகவே ஒவ்வொரு படியிலும் எஞ்சியிருக்கும் அழுத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு குறைகிறது. இப்படி, இருப்பதற்கு ஏற்ற விகிதத்தில் குறைவதுதான் அடுக்குக்குறிச் சார்பு. வளிமண்டலத்தில் அதன் அளவுகோல், அதாவது அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைய ஏற வேண்டிய உயரம், சுமார் 8 கிலோமீட்டர். நம் நகரின் 0.92 கிலோமீட்டரை 8ஆல் வகுத்தால் 0.115 வருகிறது; சிறிய எண்ணாக இருப்பதால், அழுத்தம் அதே பங்கு, அதாவது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், குறைந்திருக்கும் என்று நேர்கோட்டுத் தோராயத்தாலேயே சொல்லிவிடலாம். முழுச் சார்பைக் கொண்டு கணக்கிட்டால் 100க்கு 89 பங்கும், தோராயத்தால் 100க்கு 88.5 பங்கும் அழுத்தம் எஞ்சும். வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது அன்று.

இப்போது அதே தோராயத்தை எவரெஸ்ட்டுக்குக் கொண்டுபோங்கள். அதன் உயரம் 8,849 மீட்டர். 8 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதால் நேர்கோட்டுக் கணக்கின்படி அங்கே காற்றே இருக்கக் கூடாது, அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போக வேண்டும். உண்மையில் அங்கே கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. அடுக்குக்குறிச் சார்பும் அதையே சொல்கிறது. ஒரு தோராயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அறியும் இத்திறனைத்தான் இயற்பியல் ஆசிரியர்கள் கணித முதிர்ச்சி என்று மதிக்கிறார்கள். இதற்கு வேண்டியவை ஒரு வகுத்தலும், ஒரு சார்பின் குணத்தை அறிந்திருத்தலும், விடை இயலக்கூடியதுதானா என்று நின்று பார்க்கும் பழக்கமுமே.

பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை ஃபர்ஸ்ட் பி.யு.வில் இயற்பியலில் விழுந்துவிடுகிறதே, திறன் அவ்வளவுதானா?

பெரும்பாலும் இல்லை. பாடத்திட்டத்தின் வரிசையே இதற்குப் பெரிய காரணம் என்பதைப் பெற்றோர் எவரும் கவனிப்பதில்லை. கர்நாடகப் பி.யு. கல்லூரிகளிலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களே பாடநூல்கள். அப்புத்தகங்களின்படி இயற்பியல் ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்திலேயே, நேர்கோட்டு இயக்கம் என்னும் பாடத்தில், கணநேரத் திசைவேகத்தை வகைக்கெழுவாக, அதாவது மாற்றத்தின் வீதமாக, எழுதிவிடுகிறார். கணித வகுப்பில் எல்லையும் வகைக்கெழுவும் அதே ஆண்டின் கடைசிப் பாடங்களில்தான் வருகின்றன. வெக்டரின் நிலை இன்னும் மோசம்: தள இயக்கம் படிக்க அது பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் பருவத்திலேயே தேவைப்படுகிறது, கணிதப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதம் பன்னிரண்டாம் வகுப்பில் பத்தாம் பாடமாக இருக்கிறது. தொகையீடும் அவ்வாறே. செகண்ட் பி.யு. தொடங்கியவுடன் மின்புலத்துக்கும் காஸ் விதிக்கும் தொகையீட்டின் கருத்து வேண்டும். கணித வகுப்பு அதை எட்டுவதற்குள் ஆண்டின் பாதி கடந்துவிடுகிறது.

இயற்பியல் ஆசிரியர்கள் இந்த இடைவெளியை இரண்டொரு வகுப்புகளில் "தேவையான கணிதம்" என்று சொல்லி நிரப்புகிறார்கள். டியூஷனிலோ அண்ணன் அக்காவிடமோ முன்பே கேட்டறிந்த பிள்ளைகள் தலையசைக்கிறார்கள். மற்றவர்கள் தங்களுக்கு மட்டுமே புரியவில்லை என்று எண்ணி அடுத்த ஆறு மாதம் வாய் திறப்பதில்லை. அரையாண்டுத் தேர்வில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்து "இவனுக்கு இயற்பியல் வராது" என்ற தீர்ப்பு வீட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பு பிள்ளையின் அறிவைப் பற்றியதாகத் தோன்றினாலும் உண்மையில் அது கால அட்டவணையைப் பற்றியது.

ஆகவே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பி.யு.சி. தொடங்கும் வரை உள்ள கோடை விடுமுறையில் மூன்றே பொருள்களைப் பழகச் சொல்லுங்கள். வளைகோட்டின் ஒரு புள்ளியில் சாய்வு என்றால் என்ன, ஒரு வெக்டரைக் கிடைக் கூறாகவும் செங்குத்துக் கூறாகவும் எப்படிப் பிரிப்பது, வேக வரைபடத்தின் கீழுள்ள பரப்பு ஏன் கடந்த தொலைவைத் தருகிறது என்பவை அவை. தேற்றங்களும் நிறுவல்களும் இப்போது வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து புறப்படும் மெட்ரோ ரயில் விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் 20 விநாடியில் எவ்வளவு தொலைவு போயிருக்கும் என்பதை முக்கோணத்தின் பரப்பாகக் கண்டு 200 மீட்டர் என்று சொல்லத் தெரிந்தால், தொகையீட்டின் கருத்து அப்பிள்ளையிடம் வந்துவிட்டது.

வேதியியலுக்குக் கணிதம் தேவையில்லை என்கிறார்களே?

பி.யு.சி. வரை ஓரளவு அப்படி ஒப்பேற்றலாம். மோல் கணக்குகளுக்கு விகிதமும், அமில காரப் பாடத்துக்கு மடக்கையும் போதும். ஆனால் அந்த மடக்கையையே பலர் பொருள் உணராமல் பயன்படுத்துகிறார்கள். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் மதிப்பு என்ன என்று கேட்டால், அடுக்கைப் பார்த்து 8 என்று எழுதுபவர், எவ்வளவு நீர்த்தாலும் ஓர் அமிலம் காரமாகிவிடாது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தண்ணீர் தானே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்து ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் விடை 6.98 என்று வரும்.

பட்டப்படிப்பில் நிலைமை மாறிவிடுகிறது. வெப்ப இயக்கவியலுக்குப் பகுதி வகையீடும், வினைவேகவியலுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளும், குவாண்டம் வேதியியலுக்கு அணிகளும் தேவை. கரிம வேதியியலில் இவற்றின் தேவை குறைவு. அங்கே முப்பரிமாண உருவை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் கைகொடுக்கிறது. பிலிப் சாட்லரும் ராபர்ட் டாயும் 2007இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், பள்ளியில் இயற்பியல் கூடுதலாகப் படித்தது கல்லூரி வேதியியலுக்கோ, வேதியியல் படித்தது கல்லூரி இயற்பியலுக்கோ குறிப்பிடத்தக்க அளவில் உதவவில்லை. பள்ளியில் கூடுதலாகப் படித்த கணிதமோ இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றுக்கும் துணைநின்றது.

அபாகஸ், வேதக் கணிதம் ஆகிய வகுப்புகளில் சேர்க்கலாமா?

பிள்ளைக்கு விருப்பமிருந்தால் சேர்க்கலாம். இயற்பியலுக்காகச் சேர்க்க வேண்டியதில்லை. ஐந்திலக்கப் பெருக்கலை நொடியில் செய்வது இயற்பியலில் எங்குமே கேட்கப்படுவதில்லை.

ஃபாரடே கணிதம் தெரியாமலேதானே பெரிய அறிவியலாளர் ஆனார்? சர் சி.வி. ராமனும் அப்படித்தானே?

புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே முறையான கணிதக் கல்வி பெறாதவர் என்பது உண்மை. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த அவர், காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் இருப்பதாகக் கற்பனை செய்து எல்லாவற்றையும் வடிவமாகவே சிந்தித்தார். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அதைச் சமன்பாடுகளாக மாற்றியபோது, கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளை எளிய மொழியிலும் சொல்லக் கூடாதா என்று 1857இல் ஃபாரடே அவருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் இக்கதையின் மறுபாதியைப் பலரும் சொல்வதில்லை: ஒளியும் ஒரு மின்காந்த அலை என்ற முடிவு மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளிலிருந்தே உறுதியாக வெளிப்பட்டது. மேலும், இன்று ஒரு பி.எஸ்சி. மாணவர் ஃபாரடேயின் பாதையில் போக விரும்பினாலும், முதல் பருவத் தேர்விலேயே மேக்ஸ்வெல்லின் பக்கம் நின்றுதான் விடை எழுத வேண்டியிருக்கிறது.

ராமனைக் கணிதம் அறியாதவர் என்பது பிழை. எனினும் நம் நகருக்கே உரிய ஒரு நிகழ்வு இங்கே பொருந்தும். 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் (ஐ.ஐ.எஸ்சி.) இயக்குநராகப் பெங்களூரு வந்த அவர், கேளா ஒலி அலைகள் பரவும் நீர்மத்தின் வழியே ஒளி செல்லும்போது எப்படி விளிம்பு விலகுகிறது என்பதைக் கணிதத்தில் வல்லவரான இளம் ஆய்வாளர் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935, 1936 ஆண்டுகளில் விளக்கினார். ராமன்–நாத் கோட்பாடு என்று இருவர் பெயராலும் அது இன்றும் வழங்குகிறது. அதே கழகத்தில் ராமனிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரன் முதலில் மின்பொறியியல் துறையில் சேர்ந்து பிறகு இயற்பியலுக்கு மாறியவர். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963இல் வரைபடமாக்கினர். முப்பரிமாண வடிவியலும் அணுக்களின் பருமனும்தான் அதன் அடித்தளம். பின்னர் பெங்களூரு திரும்பிய அவர் லட்சுமிநாராயணனுடன் 1971இல் எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உருவை மீட்டெடுக்கும் கணித முறை ஒன்றையும் தந்தார், சி.டி. ஸ்கேன் துறைக்கு அது பெரிதும் பயன்பட்டது.

கணிதச் சாயல் குறைந்த பாதைகளும் உண்டு. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்த அன்னா மணி, பின்னர் வானிலைத் துறையில் ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். அளவீட்டில் பிழை எங்கிருந்து வருகிறது என்று நுணுகிக் காணும் கண் அங்கே முதன்மை; அதற்கு வேண்டிய புள்ளியியல் அறிவு மிகக் கடினமானது அன்று.

ஐ.ஐ.எஸ்சி.யில் படிக்கும் உறவினர், "இங்கே கணித மதிப்பெண்ணுக்கும் ஆய்வுத் திறமைக்கும் தொடர்பே இல்லை" என்கிறாரே?

அவர் பார்ப்பது உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறாகிவிடுகிறது. கடுமையான நுழைவுத் தேர்வால் வடிகட்டப்பட்ட கூட்டத்தில் எல்லாருக்குமே கணிதம் நன்றாகத் தெரியும். மிக நெருங்கிய மதிப்பெண் உடையவர்களுக்கிடையே ஒப்பிட்டால் எந்த ஒட்டுறவும் மெலிந்துதான் தெரியும். ஆறடிக்கு மேற்பட்டவர்களை மட்டும் சேர்த்த கூடைப்பந்து அணிக்குள் உயரத்துக்கும் ஆட்டத்திறனுக்கும் தொடர்பு தெரியாது என்பதற்காக, உயரம் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் விடையில் சொன்ன வாசற்படியை அவர்கள் அனைவரும் தாண்டிவிட்டவர்கள்.

பி.யு.சி.யில் கணிதத்தை விட்டுவிட்டு இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும் எடுத்தால் என்ன இழப்பு?

மருத்துவமோ அது சார்ந்த படிப்போ மட்டுமே நோக்கம் என்றால் பெரிய இழப்பு இல்லை. இயற்பியல், வேதியியல் பட்டப்படிப்பில் சிறிதளவு நாட்டம் இருந்தாலும் விடாதீர்கள். பி.எஸ்சி. இயற்பியலோடு கணிதம் இணைந்தே வருவது பெங்களூருக் கல்லூரிகளில் நெடுநாள் வழக்கம். ஐ.ஐ.எஸ்சி.யின் இளநிலை ஆராய்ச்சிப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கட்டாயம். ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி) நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் உள்ள 60 வினாக்களில் 15 கணித வினாக்கள், உயிரியலில் ஆர்வமுள்ளவரும் அவற்றை எதிர்கொண்டுதான் ஆக வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால் அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு, பாரம் கூடினாலும், பி.சி.எம்.பி. (இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்) எடுத்துச் செகண்ட் பி.யு. முடிவில் தீர்மானிப்பதே பாதுகாப்பானது. பின்னால் உயிரியலைத் தாமே படித்துக்கொள்பவர்களைப் பார்க்கலாம்; விட்ட கணிதத்தைத் தாமே பிடித்துக்கொள்பவர்கள் குறைவு.

பெண் பிள்ளைகளுக்கு முப்பரிமாணக் கற்பனை குறைவு என்று பள்ளியில் சொன்னார்கள். அது உண்மையா?

அப்படிச் சொன்னவர் பிறவிக் குறையாக அதைச் சொல்லியிருந்தால் தவறு. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சார்பி 1990களில் தொடங்கிய சிறு பயிற்சி வகுப்பில், உருவங்களைத் திருப்பியும் வெட்டியும் வரைந்தும் பழகிய மாணவ மாணவியரின் அத்திறன் தெளிவாக உயர்ந்தது. பயிற்சி பெற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், பொறியியல் படிப்பை இடையில் விடுவதும் குறைந்தது. கையில் பிடித்துத் திருப்பக்கூடிய மூலக்கூறு மாதிரிகளும், பொருள்களைப் பார்த்து வரையும் பழக்கமும் வீட்டிலேயே உதவும்.

என் பிள்ளை வாசற்படியைத் தாண்டிவிட்டதா என்பதை வீட்டிலேயே அறிய முடியுமா?

சில வினாக்களை, பேனாவும் தாளும் இல்லாமல், அவசரப்படுத்தாமல் கேட்டுப் பாருங்கள். ஒரு பந்தின் ஆரம் இரட்டித்தால் அதன் பருமன் எத்தனை மடங்காகும்? எட்டு என்று விடை வருவதோடு, ஏன் நான்கோ இரண்டோ அன்று என்பதற்கும் விளக்கம் வர வேண்டும். கிடையாகச் செல்லும் வேக–நேர வரைபடம் நின்றுபோன வண்டியைக் காட்டுகிறதா, சீராக ஓடும் வண்டியையா? பிஹெச் 3 உள்ள கரைசல் பிஹெச் 5 உள்ளதைவிட எத்தனை மடங்கு அமிலத்தன்மை உடையது? இதற்கு விடை 100. கடைசியாக, பிள்ளை அண்மையில் போட்ட ஏதாவது ஓர் இயற்பியல் கணக்கை எடுத்து, கொடுக்கப்பட்ட எண்களில் ஒன்றை மிகப் பெரியதாக்கினால் விடை கூடுமா குறையுமா என்று கேளுங்கள். சூத்திரத்தில் எண்ணை இடத் தொடங்காமல் யோசிக்கத் தொடங்கினால் நல்ல குறி. எல்லாவற்றிலும் தடுமாறினால் அஞ்ச வேண்டியதில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு விகிதப் பாடங்களையும் வரைபடப் பாடங்களையும் திரும்பப் படிக்க இரண்டு மாதம் போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைவிட இவ்வுரையாடலை நான் அதிகம் நம்புகிறேன்.

கணினியே எல்லாக் கணக்கையும் போட்டுவிடும்போது இவ்வளவு பாடு எதற்கு?

கணினி விடை தரும். எவரெஸ்ட்டில் காற்றழுத்தம் சுழியத்துக்கும் கீழே என்று அது காட்டினால் அதைத் தள்ளிவிட வேண்டியவர் மாணவர்தாம்.

டியூஷன் அன்றிப் பெங்களூருவில் வேறு என்ன வழி உண்டு?

இந்த வகையில் நம் நகரம் கொடுத்துவைத்தது. ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில் 1989இல் திறக்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் வானத்தைக் காட்டுவதோடு நில்லாமல், பள்ளி மாணவர்களுக்கும் பி.எஸ்சி. மாணவர்களுக்கும் வார இறுதி அறிவியல் வகுப்புகளையும் நீண்ட காலமாக நடத்திவருகிறது. இயற்பியலைக் கணிதத்தோடு சேர்த்துப் படிக்கும் முறையை அங்கே நேரில் காணலாம். அடிப்படை அறிவியல்களுக்கான பன்னாட்டு மையம் நடத்தும் 'காபி வித் க்யூரியாசிட்டி' பொதுச் சொற்பொழிவுகளுக்குக் கட்டணம் இல்லை. ஐ.ஐ.எஸ்சி. ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களுக்குத் தன் ஆய்வுக்கூடங்களைத் திறந்துவிடும் நாளில் பிள்ளையை அழைத்துச் சென்றால், கருவிகளை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாமல், அங்கே நிற்கும் ஆய்வு மாணவரிடம் அன்றாடம் எந்தக் கணிதத்தைப் பயன்படுத்துகிறார் என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். மல்லேஸ்வரம் பக்கத்து வாயில்களில் காலை பத்து மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால் சற்று முன்னதாகவே போய்விடுவது நல்லது.